‘நடந்து பார்க்க அங்கே என்ன இருக்கிறது?’

நாகர்கோவிலின் பெண்கள் வரலாற்றைத் தெருத்தெருவாக நடந்து பார்க்கலாம் என்று சொன்னால், படித்தவர்களுக்குப் பஞ்சமில்லாத இந்த ஊரில் முதலில் வருவது சிரிப்பு. அடுத்து வருவது, “அதுக்கு என்னவே இருக்கு பாக்கதுக்கு?”

இப்படிக் கேட்பவர்கள் விவரமில்லாதவர்கள் அல்லர். அவர்கள் கட்சியை அவர்கள் சொல்கிறபடியே வைக்கிறேன். இந்த ஊரில் நடந்து பார்க்கத் தகுந்தவை எவை என்பது தீர்ந்துபோன விஷயம். நாகராஜா கோயில், மணிமேடை, கோட்டாறு சவேரியார் பேராலயம், வடிவீஸ்வரத்துத் தெருக்கள். கொஞ்சம் தள்ளினால் சுசீந்திரம். வண்டி பிடித்தால் பத்மநாபபுரம் அரண்மனை. கட்டியவர்கள், ஆண்டவர்கள், சண்டை போட்டவர்கள் எல்லோரும் ஆண்கள். பெண்கள் வரலாறு என்று ஒன்று உண்டென்றால் அது தோள்சீலைப் போராட்டம். அதை மேடை போட்டுப் பேசலாம், புத்தகத்தில் படிக்கலாம், தெருவில் காட்ட முடியாது. கட்டடம் கிடையாது, கல்வெட்டு கிடையாது, பெயர் தெரிந்த ஆளும் கிடையாது. இல்லாததைக் கைகாட்டிப் பேசினால் அது கதாகாலட்சேபம். வேறு நகரங்களில் யாரோ செய்கிறார்கள் என்பதற்காக இங்கே கொண்டுவந்து நட இது என்ன ரப்பர் கன்றா?

இதில் ஒரே ஒரு கவலை நியாயமானது. ஆதாரம் இல்லாமல் பேசக் கூடாது என்பது. அதற்குக் கடைசியில் வருகிறேன். மற்றவை வெறும் பழக்கம், ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1. ‘காட்டுவதற்கு இடம் இல்லை’

யார் சொன்னது? மாவட்டத்தின் தென்கோடியிலிருந்தே ஆரம்பிப்போம். குமரிமுனையில் கடலுக்குள் இருக்கும் பாறைக்கு இன்று விவேகானந்தர் பாறை என்று பெயர். அவர் அங்கே தவமிருந்தது 1892 டிசம்பரில். நினைவு மண்டபம் திறந்தது 1970இல். அதற்கு முன்னே அது ஸ்ரீபாதப் பாறை. குமரி அம்மன் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்த இடம் என்று வணங்கப்பட்ட காலடித் தடம் அந்தப் பாறையில் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு மண்டபமும் இருக்கிறது. படகில் போகிறவர்களில் பெரும்பாலோர் அந்த மண்டபத்தை ஓட்டமாகப் பார்த்துவிட்டுப் பெரிய மண்டபத்துக்கு ஏறிவிடுகிறார்கள். கிரேக்க வணிகன் ஒருவன் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிவைத்த ‘எரித்திரயக் கடல் பெரிப்ளஸ்’ குமரித் துறையைப் பற்றிச் சொல்லும்போது, துறவு பூண வரும் ஆண்கள் அங்கே நீராடித் தங்குகிறார்கள், பெண்களும் அப்படியே செய்கிறார்கள் என்கிறது. ஏறக்குறைய இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய அந்தக் குறிப்பில் இடம் பிடித்த பெண்களுக்கு நம்முடைய சுற்றுலாத் துண்டறிக்கையில் இடம் இல்லை.

கல்வெட்டு வேண்டுமா? மார்த்தாண்டம் பக்கம் சிதறால் மலைக்கு ஏறுங்கள். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில் வெட்டிய கல்வெட்டு அங்கே உண்டு. பேராயக்குடி அரிட்டநேமி பட்டாரரின் மாணாக்கி குணந்தாங்கிக் குரத்திகள், பகவதிக்குப் பொன்னணி கொடுத்ததைச் சொல்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசி அல்லது பத்தாம் நூற்றாண்டின் தொடக்கம். சமண ஆசிரியை; பெயர் உண்டு, குருவின் பெயர் உண்டு, கொடையின் விவரம் உண்டு. இதைவிடத் தெளிவான சான்று இந்த மாவட்டத்தின் எத்தனை ஆண்களுக்கு இருக்கிறது? ஆனால் சிதறாலுக்குக் கூட்டிப்போகிறவர்கள் தீர்த்தங்கரர் சிற்பத்தைக் காட்டுவார்கள், மேலிருந்து தெரியும் காட்சியைக் காட்டுவார்கள், இறங்கிவிடுவார்கள்.

ஊருக்குள் வாருங்கள். ஒழுகினசேரியில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் கட்டிய வீட்டுக்குப் பெயர் மதுரபவனம். மதுரம் என்பது அவர் மனைவி, நடிகை டி.ஏ. மதுரம். 1944 டிசம்பரில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கலைவாணர் கைதாகி 1947இல் விடுதலையாகும்வரை, வழக்குச் செலவையும் நாடகக் குழுவையும் சேர்த்துச் சுமந்தவர். எஸ்.வி. சகஸ்ரநாமத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு ‘பைத்தியக்காரன்’ நாடகத்தை நடத்தியவர். கலைவாணருக்குச் சிலை இருக்கிறது; இருக்கத்தான் வேண்டும். வீட்டின் பெயர்ப்பலகையிலேயே ஒரு பெண் இருக்கும்போது ‘இடம் இல்லை’ என்கிறவர்கள் எதைப் படிக்கிறார்கள்?

வடசேரியிலிருந்து புத்தேரிப் பக்கம் நடந்தால் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரி. ஊரில் பாதிப் பேர் பிறந்த இடம் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். 1890களில் இரட்சணிய சேனையின் ஹாரி ஆண்ட்ரூஸ் சிறிய அளவில் தொடங்கிய வைத்தியம், ஆஸ்பத்திரியாக வளர்ந்து அந்த அம்மையாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெண் பிரசங்க மேடை ஏறலாம் என்று வாதாடி 1859இல் துண்டுப்பிரசுரம் எழுதியவர் கேத்தரின் பூத். 1859 என்ற வருடத்தை மனதில் வையுங்கள், திரும்ப வரும்.

இன்னொன்று. இடம் என்பது தானாக வருவதில்லை, சொல்லிச்சொல்லித்தான் வருகிறது. ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் 1752இல், கிறிஸ்தவரான தேவசகாயம் பிள்ளை சுடப்பட்டார். அங்கே தட்டினால் மணி போல் ஓசை எழுப்பும் பாறை புனிதத்தலம் ஆனது, தலைமுறை தலைமுறையாக மக்கள் அந்தக் கதையைச் சொன்னதால். 2022இல் அவர் புனிதரானார். அவர் மனைவி பார்கவி, ஞானப்பூ என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றவர், வடக்கன்குளத்தில் ஒதுங்கி வாழ்ந்து 1766இல் அங்கேயே அடக்கமானார். கணவனைக் கட்டி இழுத்துக்கொண்டு போகும்போது அந்தப் பெண்ணுக்கு எந்த வீட்டுக் கதவு திறந்தது என்று எவரும் சொல்லிச்சொல்லி ஒரு பாறையை உண்டாக்கவில்லை. குற்றம் பாறையின்மேல் இல்லை.

2. ‘பெண்கள் வீட்டுக்குள் இருந்தார்கள், தெருவில் சுவடு எப்படி இருக்கும்?’

எந்தப் பெண்கள்? எந்த வீட்டுக்குள்? குளச்சலிலிருந்தும் மணக்குடியிலிருந்தும் மீன்கூடையோடு உள்ளூருக்கு நடந்தவர்கள் வீட்டுக்குள் இருந்தார்களா? ஆண் பனையேறி அக்கானி இறக்கினால், அதைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கிச் சந்தைக்குக் கொண்டுபோன பெண் எந்த அந்தப்புரத்தில் இருந்தாள்? நாற்று நட்டவள், களை பறித்தவள், தோவாளையில் பூ கட்டியவள்? வீட்டுக்குள் இருக்க முடிந்த பெண்களின் எண்ணிக்கை சிறியது. அந்தச் சிறு கூட்டத்தைத்தான் ‘நம்ம பெண்கள்’ என்று நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள் என்பதை இந்தக் கேள்வியே காட்டிக்கொடுக்கிறது.

உள்ளே இருந்ததற்கும் வரலாறு உண்டு. ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964) நாவலின் லிஸி, பெரியவளானதும் பள்ளிக்கூடம் நின்று வீட்டோடு வைக்கப்பட்டவள். பனைவிளையும் ஒரு கூடமும் ஒரு சன்னலும் அவள் உலகம். பத்மநாபபுரத்தில் நவராத்திரி மண்டபத்துக்குப் போனால், பளபளக்கும் கருந்தரையை எல்லோரும் குனிந்து பார்க்கிறார்கள். பக்கத்து மரத்தடுப்பின் துளைகளைப் பாருங்கள். அரண்மனைப் பெண்கள் ஆட்டம் பார்த்தது அவற்றின் வழியாக. ஆடியவளும் பெண்தான். ஒரே கூடத்தில் ஒருத்தி எல்லோர் கண்ணிலும் படவேண்டும், ஒருத்தி எவர் கண்ணிலும் படக் கூடாது. இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள அந்தத் தடுப்புக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றால் போதும், புத்தகம் தேவையில்லை.

ஆடியவளைப் பற்றி இன்னும் கொஞ்சம். வடசேரியில் கோயில் நகை செய்கிற பட்டறைகள் இருக்கின்றன. புவிசார் குறியீடு வாங்கிய தொழில். வெள்ளித் தகட்டில் குழி எடுத்து, அரக்கு வைத்து, சிவப்புக் கெம்புக் கல்லைப் பதித்து, ஓரத்தில் பொன் தகட்டை அழுத்தி ஒட்டுவார்கள். நெத்திச்சுட்டி, சூரியப் பிறை, சந்திரப் பிறை, ராக்கொடி, ஜடைநாகம் என்று தலைசாமானே ஒரு பெட்டி வரும். இன்றைக்கு வாங்குகிறவர்கள் பரதநாட்டியம் படிக்கிற பிள்ளைகள். அதற்கு முன்னால் யார் போட்டார்கள்? சாமியும், சாமிக்குப் பொட்டுக்கட்டிய தாசியும். சுசீந்திரம் கோயில் தாசிகளைப் பற்றி கே.கே. பிள்ளை 1953இல் வெளிவந்த தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். சேது லட்சுமி பாய் ராணியின் ஆட்சிக் காலத்தில் (1924–31) அந்த முறை முடிவுக்கு வந்தது. நகைக்குக் குறியீடு கிடைத்தது. அணிந்தவர்களை ஊர் வாய்திறந்து சொல்வதில்லை. தங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தது என்று சொல்லக் கூச்சப்படுகிற ஊர், சுவடு இல்லை என்று முறையிடுவது வேடிக்கை.

3. ‘அதான் தோள்சீலை இருக்கே!’

தோள்சீலையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்பது இந்த ஊரின் பெரிய மூடநம்பிக்கை. தெரிந்தது என்ன? ‘மாராப்புப் போட விடவில்லை, மிஷனரிகள் வந்து வாங்கிக் கொடுத்தார்கள்.’ இது ஒரு கட்சி. ‘எங்கள் முன்னோர்கள் போராடி வாங்கினார்கள்.’ இது இன்னொரு கட்சி. இரண்டிலும் பெண் வாங்கிக்கொள்கிறவள் மட்டுமே.

நடந்ததை வரிசையாகப் பாருங்கள். திருவிதாங்கூரில் ரெசிடென்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோவின் காலத்தில், கிறிஸ்தவரான சாணார் பெண்கள் குப்பாயம் என்ற சட்டை போடலாம் என்று அனுமதி வந்தது. பெண்கள் குப்பாயத்தோடு நிற்கவில்லை. அதற்குமேல் நாயர் பெண்கள் போடுவதுபோலத் தோள்சீலையும் போட்டார்கள். மேல்சாதிக்காரர்களின் ஆத்திரம் அங்கே பற்றியது. 1822 முதல் சந்தைகளில் அடி, துணி கிழிப்பு. 1829 பிப்ரவரியில் வந்த அரசாணை குப்பாயத்துக்குச் சம்மதித்தது, தோள்சீலையைத் தடுத்தது. அரசாங்கத்துக்கு எது பிரச்சினை என்பதில் குழப்பமே இல்லை: உடம்பு மூடினால் பரவாயில்லை, இன்னார் மாதிரி மூடக் கூடாது. மானம் காக்கத் துணி கேட்டார்கள் என்று நாம் மேடையில் உருகுகிறோமே, அந்தப் பெண்கள் கேட்டது அதைவிடப் பெரியது. சமமாகத் தெரிய வேண்டும் என்று கேட்டார்கள். ஆணைக்குப் பிறகு முப்பது வருடம் போட்டுக்கொண்டே இருந்தார்கள். 1858 கடைசியிலும் 1859 தொடக்கத்திலும் நாகர்கோவில் வட்டாரத்தில் தாக்குதல், கொள்ளை, தீவைப்பு. சென்னை கவர்னர் டிரெவெலியன் நெருக்கினார். 1859 ஜூலை 26 பிரகடனம் வந்தது. அப்போதும் ஒரு வால் ஒட்டியிருந்தது: மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற விதமாக உடுத்தக் கூடாது. சரியாக அதே வருடம் இங்கிலாந்தில் ஒரு பெண் மேடை ஏறலாமா என்று கேத்தரின் பூத் வாதாடிக்கொண்டிருந்தார். இங்கே ஒரு பெண் என்ன உடுத்திச் சந்தைக்குப் போகலாம் என்று கவர்னரும் மகாராஜாவும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இதில் பெயர்கள் யாருடையவை? மன்றோ, மிஷனரிகள் மீட், மால்ட், திவான் மாதவ ராவ், டிரெவெலியன். அடிபட்டவள் பெயர் எந்த நாவிலும் இல்லை. ‘பெயர் இல்லாதவர்களுக்கு என்ன நடை?’ என்று கேட்கிறார்கள். நான் நேர்மாறாகச் சொல்கிறேன். பெயர் அழிந்தவர்களுக்கு இடம் ஒன்றுதான் மிச்சம். கோட்டாறு சந்தைக்குப் போகும் பாதையில் நின்று, இப்படிப்பட்ட பாதைகளில் இது நடந்தது என்று சொல்வதைத் தவிர அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய வேறு காரியம் இல்லை.

புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம் என்ற யோசனைக்கும் பதில் இருக்கிறது. உடையின் சமூக வரலாறு பற்றிய பாடம் ஒன்பதாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் இருந்தது, அதில் இந்தப் போராட்டமும் இருந்தது. 2019இல் பாடத்தையே எடுத்துவிட்டார்கள். மேடையில் பேசிக்கொள்ளலாம் என்பதற்கும் பதில் உண்டு. 2023 மார்ச் 6ஆம் தேதி இருநூறாவது ஆண்டு விழா நாகர்கோவிலில் நடந்தது. இரண்டு மாநில முதலமைச்சர்கள் வந்தார்கள். நல்ல கூட்டம், நல்ல பேச்சு. மறுநாள் மேடையைக் கழற்றினார்கள். புத்தகத்தைத் திருத்தலாம், மேடையைக் கழற்றலாம். சந்தைக்குப் போகும் பாதையை அப்படி மடித்து வைக்க முடியாது.

தோள்சீலையோடு முடிந்தது என்கிறவர்கள் தாண்டிப்போகும் இன்னொரு இடம் கசபா சபை என்னும் தேவாலயம். அருகே டதி பெண்கள் பள்ளி, 1819ஐத் தன் தொடக்கமாகச் சொல்கிற பள்ளிக்கூடம். மிஷனரிகளின் மனைவிமார் மீட் அம்மையாரும் மால்ட் அம்மையாரும் பெண்பிள்ளைகளைக் கூட்டிவைத்து எழுத்தும் ரேந்தை என்கிற லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார்கள். 1821இலிருந்து ரேந்தை பின்னல் நாகர்கோவிலின் தொழிலாகவே ஆனது. பார்த்தவர்களுக்குத் தெரியும். மடியில் உருண்டைத் தலையணை, அதன்மேல் துளையிட்ட அட்டை, துளைக்குத் துளை குண்டூசி, நூல் சுற்றிய மரக்குச்சிகள் இரண்டிரண்டாகத் தாண்டிப் பின்னும். விரல் அசைவு கண்ணுக்குப் பிடிபடாது, குச்சிகள் மோதும் சத்தம்தான் கேட்கும். அந்தக் கூலியைச் சேர்த்து அடிமைப் பெண்கள் சிலர் தங்களையே விலைகொடுத்து மீட்டார்கள் என்று மிஷன் பதிவுகள் சொல்கின்றன. திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்து முழுமையான பிரகடனம் வந்தது 1855இல். அதாவது அரசாங்கம் விடுவதற்கு முன்னால் இவர்கள் நூல் போட்டு வெளியே வந்தார்கள். இதை எழுதும்போதே மிஷனின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அடக்கமான கிறிஸ்தவ மனைவிகளை உருவாக்குவது அவர்கள் நோக்கம். ரேந்தை ஐரோப்பியச் சீமாட்டிகளின் கழுத்துப்பட்டிக்குப் போனது, பின்னியவள் கையில் கூலி மட்டும் நின்றது.

அதே இடத்தில் நின்று இன்னொரு பெண்ணையும் பேசியாக வேண்டும். 1815 முதல் 1829 வரை ரீஜன்டாக ஆண்டவர் கௌரி பார்வதி பாய். கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று 1817இல் ஆணை போட்டவர். மிஷன் வயல் வாங்க 5,000 ரூபாய் கொடுத்தவர். 1829இல் தோள்சீலையைத் தடுத்த ஆணையும் அவர் பெயரில் வந்ததுதான். பெண்கள் வரலாறு என்றால் பெண்களுக்குப் புகழ்மாலை என்று நினைத்துக்கொண்டு எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் இந்த ராணிக்கு முன்னால் திணறுவார்கள். நல்லது, திணறட்டும்.

4. ‘இங்கே மருமக்கள் வழி. பெண்தான் ராணி. தனியாக என்ன வரலாறு?’

இதைச் சொல்பவர்கள் கவிமணியின் ஊர்க்காரர்கள் என்பது கூடுதல் துக்கம். தேரூரில் பிறந்து புத்தேரியில் வாழ்ந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ எழுதினார். 1917–18இல் ‘தமிழன்’ இதழில் தொடராக வந்து, 1942இல் நூலாயிற்று. அதைச் சொல்கிறவள் ஒரு பெண். குடும்பச் சொத்தை ஆளும் ஒரு காரணவருக்கு ஐந்தாம் மனைவியாக வாக்கப்பட்டவள். சொத்து பெண்வழியில் இறங்கும், சாவி ஆண் கையில் இருக்கும். ஆள்வது மாமன், அடுத்து ஆளப்போவது மருமகன். செத்தவனின் மனைவியும் பிள்ளைகளும் உகந்துடைமை, நன்குடைமை என்று கிடைக்கிற துண்டுக்காகக் கோர்ட்டுப் படி ஏறவேண்டும். ஊர் சிரித்துச் சிரித்துப் படித்தது, பிறகு சட்டம் மாறியது. நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் ரெகுலேஷன் வந்தது 1926இல்.

அதனால் பெண் ஜெயித்தாளா? மனைவிக்கும் மக்களுக்கும் பங்கு வந்தது உண்மை. பிறந்த வீட்டில் அவளுக்கு இருந்த பிடி தளர்ந்ததும், சீதனப் பேச்சு வலுத்ததும் அதற்குப் பிந்தைய கதை என்பது என் கணிப்பு. பழைய முறையில் அவள் ராணி இல்லை, புதிய முறையில் அவள் விடுதலையும் பெறவில்லை. புத்தேரித் தெருவில் நடந்துகொண்டே இதைப் பேசலாம். வீடுகளின் பாகப்பிரிவினைச் சுவர்களே சாட்சி.

5. ‘வெயிலில் பெண்கள் நடப்பதா? மேல்தட்டு மோஸ்தர்!’

இதற்கு நீளமாகப் பதில் சொல்ல ஒன்றும் இல்லை. ஒவ்வொரு நவராத்திரிக்கும் சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை புறப்பட்டு, பத்மநாபபுரத்துச் சரஸ்வதியோடும் வேளிமலைக் குமாரசாமியோடும் திருவனந்தபுரம்வரை ஊர்வலமாகப் போகிறாள். துப்பாக்கி ஏந்திய போலீஸ் அணிவகுத்து மரியாதை செய்கிறது. அம்மன் ஊர்விட்டு ஊர் போனால் சம்பிரதாயம், மனுஷி தெரு சுற்றினால் மோஸ்தர்.

மேலும், இந்த நாட்டில் யார் எந்தத் தெருவில் நடக்கலாம் என்பதுதான் சண்டையே. சுசீந்திரம் சத்தியாகிரகம் 1926இல் தொடங்கியது கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்காக. அது முடிந்துபோன கதையுமல்ல. 2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்பிய ஒரு வயதான அம்மையை, நாற்றம் என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். பஸ் நிலையத்தில் நின்று அந்த அம்மை எழுப்பிய நியாயத்தை நாடே காணொளியில் பார்த்தது. அதே குளச்சல் தொகுதி 1957இல் லூர்தம்மாள் சைமனைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. காமராஜர் அமைச்சரவையில் உள்ளாட்சியும் மீன்வளமும் பார்த்தவர் அவர். குளச்சலுக்குப் போகிற பயணிக்கு 1741ஆம் வருடத்துப் போரின் தூணைக் காட்டுகிறார்கள். டச்சுக்காரன் தோற்றதைச் சொல்லும் ஊர், தன் மீனவப் பெண் மந்திரியானதை ஏன் சேர்த்துச் சொல்லக் கூடாது?

6. ‘ஆதாரம் இல்லாமல் கதை கட்டுவீர்கள்’

இதுதான் நியாயமான கவலை என்றேன். நங்கேலி கதையை இங்கே கொண்டுவந்து இறக்குகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். முலையறுத்து வரிக்காரன் முன் வைத்த அந்தப் பெண்ணின் கதை சேர்த்தலைக்காரர்களின் வாய்மொழி நினைவு. அதை நாகர்கோவில் தெருவில் நின்று நடந்த சம்பவமாகச் சொல்வது தப்பு. அப்படிச் சொல்கிறவர், ஆவணம் உள்ள 1829க்கும் 1859க்கும் சேர்த்துக் கேடு செய்கிறார். உணர்ச்சி ஏற்றுவதற்காக ஒன்றை மிகைப்படுத்தினால், எதிராளி மற்ற ஒன்பதையும் கட்டுக்கதை என்று தள்ளிவிடுவான்.

ஆனால் இதற்கு மருந்து நடையை நிறுத்துவது இல்லை. எது கல்வெட்டு, எது அரசாணை, எது மிஷன் பதிவு, எது ஊர்ப்பேச்சு என்று இடத்துக்கு இடம் பிரித்துச் சொல்வதுதான் மருந்து. பார்வதிபுரம் தாண்டிக் கள்ளியங்காடு வருகிறது. நீலியின் இடம். தாசியின் மகளை மணந்தவன், நகைக்காகக் காட்டில் அவள் தலையில் கல்லைப் போட்டுக் கொன்றான். கள்ளிச்செடி சாட்சி நின்றது. அவள் யட்சியாகத் திரும்பி வந்தாள் என்று வில்லுப்பாட்டில் பாடுவார்கள். இது நடந்ததா? தெரியவேண்டியதில்லை, கதை என்றே சொல்லலாம். ஆனால் இந்த வட்டாரம் இசக்கிகளால் நிறைந்தது. முப்பந்தலில் தொடங்கிக் குளக்கரைவரை, கையில் குழந்தையோடு மண்ணுருவமாக நிற்கிற அம்மைகள். பல இசக்கிகளின் கதையில் கொலையுண்ட ஒரு பெண் இருக்கிறாள். கொன்ற பிறகு பயந்து கும்பிட்ட சமூகம் இது என்பது ஆவணம் கேட்கிற செய்தி இல்லை, தெருவில் நடக்கிற எவருக்கும் கண்ணில் படுகிற செய்தி.

அரண்மனைச் சுற்றுலாவில் வழிகாட்டிகள் ராஜாக்களைப் பற்றிச் சொல்கிற கதைகளுக்கு எவரும் ஆதாரம் கேட்டு நான் பார்த்ததில்லை. ராஜா தூங்கிய கட்டில் அறுபத்துநாலு மூலிகை மரம் என்றால் தலையாட்டுகிறோம். பெண் என்றதும் சாசனம் கேட்கிறோம். கேளுங்கள், தப்பில்லை. இரண்டு பேரிடமும் கேளுங்கள்.

மலர்வதியின் ‘தூப்புக்காரி’ நாவலுக்கு 2012இல் சாகித்ய அகாதெமியின் இளம் எழுத்தாளர் விருது கிடைத்தது. ஆஸ்பத்திரிக் கழிவை அள்ளுகிற பெண்ணின் கதை. எழுதியவர் இந்த மாவட்டத்துக்காரர். அந்த நாவலில் வருகிறவள் நடக்கிற தெரு இன்னும் இருக்கிறது. இன்னும் காலையில் பெருக்கப்படுகிறது, பெருக்குகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பழைய காலத்துக்கு மட்டும்தான் நடை என்று நினைப்பவர்கள் விடியற்காலை ஐந்தரைக்கு வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஆரம்பிக்கலாம்.

நாகர்கோவில் 2019இல் மாநகராட்சி ஆனது. வருகிற தலைவர்களுக்கெல்லாம் வரவேற்பு வளைவு வைக்கிறது. ஒரு வளைவுக்கு ஆகிற செலவில் நான்கு பலகை வைக்கலாம். கோட்டாறு சந்தையில் ஒன்று, டதி பள்ளி வாசலில் ஒன்று, மதுரபவனத்துக்கு முன்னால் ஒன்று, கள்ளியங்காட்டில் ஒன்று. கள்ளியங்காட்டுப் பலகையில் ‘இது கதை’ என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். கோட்டாற்றுப் பலகையில் 1859ஐப் போடும்போது 1829 ஆணையையும் போடுங்கள், அதைப் பிறப்பித்த ராணியின் பெயரோடு.